பந்து விழுந்த தடம்

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள தன் தையல் கடையில், முனீஸ்வரி மதியத்திலிருந்து மெஷினை மிதிக்கவே இல்லை. நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்த போனில் ஜெப ஷீலா ஆடிக்கொண்டிருந்தாள். இத்தாலியில் ஏதோ ஒரு சிற்றூர், செம்மண் கோர்ட். பெரிய போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ள டென்னிஸ் போட்டி. முப்பத்தொரு வயதில் இதுதான் தன் கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்று ஷீலா பேட்டி கொடுத்திருந்தாள்.

இருவரும் வளர்ந்த பாளையம்பட்டியில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த காலி இடம் வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசல். அதன் மேல் ஒரு லோடு செம்மண்ணைக் கொட்டிக் கோர்ட் ஆக்கியிருந்தார்கள். சின்ன வயதில், பள்ளி விட்டதும் முனீஸ்வரியும் ஷீலாவும் குடத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், சுண்ணாம்பில் கோடு போடுவார்கள். நனைந்த மண்வாசம் இறங்குவதற்குள் ஆடத் தொடங்கிவிடுவார்கள். இருட்டி, பந்து தெரியாமல் போனபிறகு சத்தத்தை வைத்தே அடித்த நாட்களும் உண்டு.

பதினைந்து வயதில், மாவட்டப் போட்டி இறுதி ஆட்டத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். நடுவர் கிடையாது; தன் பக்கம் விழும் பந்தை அவரவரே சொல்ல வேண்டும். கடைசியில் முனீஸ்வரி அடித்த பந்து கோட்டைத் தொட்டது. ஷீலா 'அவுட்' என்றாள். வென்ற ஷீலாவைச் சென்னை விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

போனில் கடைசி செட் டைபிரேக். ஷீலா ஆறு, எதிராளி ஐந்து; இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஷீலாவுக்கு வெற்றி. எதிராளியின் பந்து வெளியே விழுந்ததாகக் கோட்டு நடுவர் கை நீட்டினார். கூட்டம் கைதட்டியது. ஷீலா கை தூக்கவில்லை. நடந்து போய்க் குனிந்து, மண்ணில் பந்து பதிந்த தடத்தைப் பார்த்தாள். நடுவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, ஷூவால் அதை அழித்தாள். பந்து உள்ளே விழுந்ததாக அறிவித்து, புள்ளியை எதிராளிக்குக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு புள்ளிகளும் எதிராளிக்கே போயின. ஷீலா தோற்றுவிட்டாள்.

முனீஸ்வரி வெகுநேரம் வெட்டுத்துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, பாளையம்பட்டியில் ஷீலாவின் அம்மா எலிசபெத்துக்குப் போன் செய்து ஷீலாவின் நம்பர் வாங்கி, அவளை அழைத்தாள்.

"முனீஸு பேசுறேன்."



"பாத்தியாடி?" என்றாள் ஷீலா.

"பாத்தேன்."

"அன்னைக்கு உன் பந்து உள்ளதான் விழுந்துச்சு, முனீஸு."

"தெரியும். நானும் தடத்தப் பாத்தேன்ல."

"பெறகு ஏன் நீ சண்ட போடல?"

"நீயே சொல்லுவன்னு நின்னுக்கிட்டிருந்தேன்."

ஷீலா அழுவது கேட்டது. முனீஸ்வரி இத்தனை வருஷமாக நெஞ்சில் உறைந்து கிடந்த கோபத்தைத் தேடிப் பார்த்தபோது, குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடும் ஷீலாதான் தெரிந்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு வாரேன். ஒனக்கு என்ன கொண்டு வரட்டும்?"

"ஒரு ராக்கெட்டு."

"ஒம் மகளுக்கா?"

"எனக்குத்தான். ஷூவும் வேணும், அஞ்சாம் நம்பரு."

ஷீலா அழுகையோடு சிரித்துவிட்டாள். கடை வாசலில் யூனிஃபார்ம் துணியோடு ஒருத்தி காத்து நின்றாள். அவளை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, முனீஸ்வரி பேச்சைத் தொடர்ந்தாள்.