ஒன்பது வருஷம் கழித்து வந்த விரல்

செம்பாக்கம் ஏசுபாதத்தைத் தொட்டால் அவருக்கு அது ஒன்பது வருஷம் கழித்துத்தான் தெரியும். ஒரு நாள் முன்னே பின்னே ஆகாது. அதே தேதி, அதே மணி, அதே நிமிஷம். கண், காது, மூக்கு, நாக்கு எல்லாம் ஊரில் மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான். தொடுவதும் வலியும் சூடும் குளிரும் மட்டும் தாமதம். பிறந்த குழந்தைக்குப் போட்ட ஊசிக்கு அவர் நாலாம் வகுப்பில் கணக்குப் பாடத்தின் நடுவே அலறினார். அப்புறம் ஒரு வருஷம் முழுக்க, யாரோ தன்னைக் குளிப்பாட்டித் துவட்டுகிறார்கள் என்று பெஞ்சில் நெளிந்து நெளிந்து சிரித்து வாத்தியாரிடம் அடி வாங்கினார். அந்த அடியெல்லாம் பத்தொன்பதாவது வயதுக்குள் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது.

தாம்பரத்தில் நரம்பு டாக்டர் மிருதுளா சுத்தியால் முழங்காலில் தட்டிப் பார்த்தார். கால் அந்த நொடியே உதைத்தது. "பாருங்க, அடி விழுந்த சேதி முதுகுத்தண்டு வரைக்கும் கரெக்டா போகுது. காலை உதறுன்னு தண்டே முடிவு பண்ணி அனுப்பிடுது, மூளையைக் கேக்கறதே இல்ல. தண்டுலேர்ந்து மூளைக்கு ஏறுற வழியிலதான் எங்கயோ நிக்குது. பயப்பட ஒண்ணுமில்ல, எதுவும் தொலையல, எல்லாம் வந்துடும்" என்றார். சொன்னது சரிதான். அந்தச் சுத்தியடி ஒன்பது வருஷம் கழித்து டீக்கடையில் நிற்கும்போது வந்தது, கையிலிருந்த டீ பக்கத்து ஆளின் வேட்டியில் கொட்டியது.

இப்படிப்பட்ட ஆளுக்கு வெல்டிங் வேலையை யார் பார்த்துக் கொடுத்தார்களோ, நன்றாகக் கொடுத்தார்கள். தொண்ணூற்றிரண்டில் கீழ்க்கட்டளை காஜா பாயின் கிரில் பட்டறையில் சேர்ந்தார். பொறி கையில் விழுந்தாலும் முகம் சுளிக்கமாட்டார். கை தானாக ஒருமுறை வெட்டி இழுக்கும், மறுபடி அதே கோட்டில் வந்து நிற்கும். "நம்ம ஏசு மாதிரி ஒரு கை இந்த ஏரியாவுல கெடயாது" என்று பாய் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்தார். இரண்டாயிரத்தொன்றில், அவருடைய கல்யாணப் பந்தியில், முதல் பொறி வந்தது. மாப்பிள்ளை இலையைத் தட்டிவிட்டு எழுந்து கையை உதறுவதைப் பார்த்துப் பெண் வீட்டார் நெஞ்சில் கைவைத்தார்கள். அன்றிலிருந்து தினம் ஒன்றாவது உண்டு. உடம்பில் காயம் இருக்காது, மனுஷன் மட்டும் துடிப்பார்.

புதுப்பெண்டாட்டி ஜான்சி ஒரு மாதத்தில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். பழைய வலிக்கு ஒன்றும் செய்ய முடியாது, புதிதுக்காவது செய்யலாம் என்று, சாயங்காலம் அவர் வந்ததும் கை கால் பார்த்து, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினாள். "பகல் பதினொன்றே கால். வலது முழங்கை. சின்னப் பொறிதான். பயப்படாதீங்க." ஒவ்வொரு தாளும் பயப்படாதீங்க என்றுதான் முடியும். எல்லாவற்றையும் கம்பியில் குத்தி மாட்டினாள். ஒன்பது வருஷம் கழித்து அவர் காலையில் தாளைப் படித்துவிட்டு, பதினொன்றே காலுக்கு ஓரமாக உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொள்வார். "நல்லதையும் எழுதி வையேன்" என்று ஒருமுறை கேட்டார். "நல்லது வந்தா வரட்டும், அதுக்கு இன்னாத்துக்கு முன்னாடியே சொல்லணும்?" என்றாள்.

அப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. கல்யாணமான புதிதில் ஜான்சி தொட்டதெல்லாம் இரண்டாயிரத்துப்பத்தில், ரேஷன் கடை வரிசையில், மண்ணெண்ணெய் கேனோடு நிற்கும்போது வந்தது. "இன்னா மச்சான், தனியா சிரிச்சிகினு கீற?" என்று பின்னால் நின்ற குப்பன் கேட்டான். வீட்டுக்கு ஓடி வந்து சொன்னார். ஜான்சி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம், "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா எவ்ளோ நல்லாயிருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இரண்டாயிரத்துப் பதினாறு ஆகஸ்டில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் வைத்தார்கள். பேச்சில்லை. பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் ஏசுபாதத்தின் வலது கையை இழுத்து வைத்துக்கொண்டாள். அவர் திரையில் ஓடிய பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் அவள் விரல் ஊர்வது கண்ணோரம் பட்டது, நடுக்கம் என்று நினைத்தார். நாலு பத்துக்குச் சட்டைப்பையில் போன் அடித்தது. கையை எடுத்தார். மேடவாக்கத்தில் மாட்டிய கேட் மூடவில்லை என்று காஜா பாய். பேசிவிட்டுத் திரும்பும்போது அவள் கண்ணை மூடியிருந்தாள். மறுநாள் விடியலில் போய்ச் சேர்ந்தாள்.

மூன்றாம் நாள், கம்பியிலிருந்த தாள்களைப் புரட்டும்போதுதான் அவருக்கு உறைத்தது. தொட்டால் இவருக்குத் தெரியாது என்பது ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். உள்ளங்கையில் ஊர்ந்தது நடுக்கம் இல்லை, எழுத்து. அவள் அன்றைக்காக எழுதவில்லை, ஒன்பது வருஷம் கழித்து வரப்போகிற நாளுக்காக எழுதினாள். இந்தப் பாவி கையை எடுத்துவிட்டான். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அடியும் இனிமேல்தான் வரவேண்டும்.

அதன்பிறகு ஒன்பது வருஷம் ஏசுபாதம் பெண்டாட்டி இல்லாத வீட்டில் பெண்டாட்டியோடு இருந்தார். நெற்றியில் ஈரத்துணி வரும், முதுகில் சோப்பு வரும். கோபத்தில் அவள் கிள்ளியதும் வந்தது, அதற்கும் சந்தோஷப்பட்டார். வரவரக் கம்பியில் தாள் குறைந்தது. என்ன எழுதினாள், எவ்வளவு எழுதினாள் என்பது ஒன்றுதான் பாக்கி.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி பட்டறையை மூடிவிட்டுக் காஜா பாயும் ஏசுபாதத்தோடு வீட்டுக்கு வந்தார். தன் போனை அணைத்து, அதுவும் போதாதென்று ஃப்ரிட்ஜுக்குள் வைத்துச் சாத்தினார். "அன்னிக்கு அடிச்ச போனுக்கு இன்னிக்கு அணைச்சி இன்னா பாய்?" என்றார் ஏசுபாதம். "மனசு கேக்கலப்பா. ஒரு கேட்டுக்காகக் கூப்ட்டேன் பாரு" என்று பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

நாலு ஒன்பதுக்கு அவள் கை வந்தது. காய்ச்சல் சூடு. நகம் வளர்ந்த ஆட்காட்டி விரல் உள்ளங்கையில் நிதானமாக ஒரு "ப" போட்டது. பிறகு "ய". பிறகு இன்னொரு "ப". அதன் மேல் புள்ளி வைக்க விரல் தூக்கிய நேரம், கை காலியானது. அடுத்து வந்தது போனின் வழவழத்த முதுகு, அதன் அதிர்வு. மூன்று முறை அதிர்ந்து நின்றது.

"என்னப்பா எழுதிச்சு?" என்றார் பாய்.

"தாள்ல எழுதறதுதான் பாய். நான்தான் முடிக்க வுடல."

வலது கையை மடியில் விரித்து வைத்தார். பிறகு இடது கை ஆட்காட்டி விரலால், காய்த்துப் போன வெல்டிங்காரன் விரலால், வலது உள்ளங்கையில் அந்தக் கடைசி "ப" இருந்த இடத்துக்கு மேல் ஒரு புள்ளி வைத்தார். மிச்ச எழுத்துகளையும் ஒவ்வொன்றாக எழுதி முடித்தார். அப்போது ஒன்றும் தெரியவில்லை; தெரிய இரண்டாயிரத்து முப்பத்துநாலு ஆகஸ்ட் ஆகும். காலண்டர் தாளில் அதைக் குறித்து வைக்கவில்லை. நல்லதுக்கு முன்னாடியே சொல்லத் தேவையில்லை என்று அவள் சொல்லியிருந்தாள்.