கூஜாவில் சென்ற குரல்

1939ஆம் ஆண்டு ஆடி மாதம் முதல், ஒவ்வொரு கச்சேரிக்கும், ஆவுடைத்தாயின் குரல் ஒரு பித்தளைக் கூஜாவில் அடைக்கப்பட்டு, தென்காசியில் ரயிலேறி, பட்டணத்து வானொலி நிலையத்தில் பாடிவிட்டு ஐந்தாம் நாள் வீடு திரும்பியது. அதற்குத் தனிப் பயணச்சீட்டு எடுக்கப்படவில்லை. உள்ளே என்னவென்று கேட்ட பரிசோதகர்களுக்குக் குற்றாலத்துத் தீர்த்தம் என்று பதில் சொல்லப்பட்டது. அவர்களில் ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சில துளிகள் கேட்டதாகவும், கொடுக்கப்படவில்லை என்றும் தெரிகிறது.

மேலகரத்தைச் சேர்ந்த ஆவுடைத்தாய் பன்னிரண்டு ஆண்டுகள் முறையாகச் சங்கீதம் பயின்றவள். காம்போதி ராகத்துக்கு மட்டும் மூன்று சாரல் காலங்களை ஒதுக்கியவள். வானொலி நிலையத்தார் அவளை முதன்முதல் அழைத்தபோது அவளே நேரில் சென்றாள். சுவரெங்கும் மெத்தை தைத்த, சன்னலே இல்லாத அறையில் அவளை அமர்த்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது, அவள் வாய் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. மூன்று நிமிட அமைதிக்குப் பின் அறிவிப்பாளர் வருத்தம் தெரிவித்தார். நிலையத்தார் பெருந்தன்மையுடன் வேறொரு தேதி கொடுத்தனர். ஊர் திரும்பிய மறுநாள் விடியலில், சித்தரத்தை போட்ட வெந்நீரால் தொண்டையைக் கொப்பளித்து அவள் கூஜாவில் உமிழ்ந்தாள். குரல் வழுகி அதற்குள் விழுந்து, அங்கிருந்தபடியே காம்போதியைத் தொடங்கியது. பிடில் வாசிப்பவனும் அவள் கணவனுமான சுந்தரபாண்டி மூடியை எடுத்துத் திருகினான்.

வானொலிப் பெட்டியில் கேட்பவருக்கு முகம் தேவையில்லை என்பதால் இந்த ஏற்பாடு செம்மையாக நடந்தது. ஒலிவாங்கியின் முன் கூஜாவை வைத்துத் திறப்பார்கள், அது பாடும், சுந்தரபாண்டி பிடில் வாசிப்பான், கீழப்பாவூரிலிருந்து வந்து அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட பிச்சம்மாள் தம்புரா மீட்டுவாள். அந்த ஐந்து நாட்களும் ஆவுடைத்தாய் ஊமையாக இருந்து, அவர்கள் திரும்பியதும் கூஜாவை அண்ணாந்து குடித்துப் பேசத் தொடங்குவாள். பிச்சம்மாளை அவள் உடன்பிறந்தவளாகவே எண்ணினாள். வழியில் எப்போதேனும் கூஜா உடைய நேர்ந்தால் குரல் மண்ணில் போய்விடக் கூடாதே என்று, அதை எப்படி மெல்லச் சாய்க்க வேண்டும், எப்படி ஒரே மடக்கில் விழுங்க வேண்டும் என்பதை அவளே பிச்சம்மாளுக்குக் கற்பித்தாள். ஆவுடைத்தாய் செய்த பிழை அது ஒன்றே.

1942ஆம் ஆண்டு புரட்டாசியில் திரும்பி வந்த கூஜாவில் வெறும் தண்ணீர் இருந்தது. அவள் முழுவதையும் குடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

"குரல் களைச்சிருக்கு. ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்" என்றான் சுந்தரபாண்டி, பிடில் வில்லுக்குப் பிசின் தேய்த்தவாறே. பிச்சம்மாள் தொண்டை கட்டிவிட்டதென்று கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, எதுவும் பேசாமல் நின்றாள். மூன்றாம் நாள், நிலையத்தில் விசாரித்து வருவதாகச் சொல்லி இருவரும் மீண்டும் ரயிலேறினார்கள்.

தென்காசியில் அப்போது மோட்டார் பாட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி முகம்மது மீரானின் ஜவுளிக் கடையில் இருந்தது. அடுத்த வாரம் ஒரு மாலையில், தன் குரலைப் பற்றி ஏதேனும் தகவல் கிடைக்கும் என்ற நம்பிக்கையுடன் ஆவுடைத்தாய் பக்கத்து வீட்டு உலகம்மாளை அழைத்துக்கொண்டு அங்கே சென்றாள். அடுத்துப் பாடுபவர் பிச்சம்மாள் என்று பெட்டி அறிவித்தது. அதைத் தொடர்ந்து ஆவுடைத்தாய் பாடினாள்.

"என்ன தங்கச்சி, பேரை மாத்திப் படிக்கான்?" என்றார் மீரான்.

"பேரை மாத்தல அண்ணாச்சி, ஆளையே மாத்திட்டானுவ" என்றாள் உலகம்மாள். "ஏட்டி ஆவுடை, இது உன் தொண்டைலா? அந்தப் பாவூர்க்காரிக்குத் தம்புராவைச் சுமக்கத்தானே தெரியும், இப்ப காம்போதியைச் சுமக்குதா."

ஆவுடைத்தாய்க்கு மூச்சு நின்றது. அக்கணமே பெட்டியிலும் பாட்டு நின்றது. மீரான் பெட்டியைத் தட்டினார். பாட்டரிக் கம்பியைத் திருகினார்.

"பாட்டரியைப் போட்டு ஏன் பாடாப் படுத்துதிய? இவ முகத்தைப் பாருங்க, மூச்சைப் பிடிச்சிருக்கா" என்று உலகம்மாள் அவள் முதுகில் ஓர் அறை விட்டாள். ஆவுடைத்தாய் மூச்சு விட்டாள். பாட்டு நின்ற எழுத்திலிருந்தே தொடர்ந்தது. குரலைக் கொண்டுபோனவர்கள் மூச்சை அவளிடமே விட்டுச் சென்றுவிட்டார்கள் என்பது இவ்வாறு தெரியவந்தது.

அதன்பின் அவள் மூச்சை அடக்க, இரண்டு கச்சேரிகள் பாதியில் நின்றன. மூன்றாவதற்கு முன் சுந்தரபாண்டி தனியே மேலகரம் வந்தான். அவள் கூஜாவைச் சுட்டிக் காட்டினாள்.

"அது இனிமே அதுக்குள்ள வராது, ஆவுடை. அவ குடிச்சிட்டா" என்றான். "அந்த அறைக்குள்ள வரமாட்டேன்னு ஒதுங்கினது நீதானே? கூஜா பாடுதுன்னு எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? பாட்டு உன்னோடதுன்னு எனக்குத் தெரியும்லா. அது போதாதா?"

அது போதும் என்று அவன் உண்மையாகவே நம்பியதை அவன் முகத்தில் கண்டபோதுதான் ஆவுடைத்தாய் அழுதாள். அழுகையில் ஓசையில்லை.

அந்தக் குரலை முற்றாகவே அடக்கிவிட அவளால் முடிந்திருக்கும். ஆனால் மூச்சை நிறுத்திய போதெல்லாம், அயலார் வீட்டில் அடிபடும் தன் பிள்ளையைப்போல் அந்தக் குரல் திணறுவதை அவள் தன் நெஞ்சுக்குள் உணர்ந்தாள். பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து வளர்த்ததை இருவர் மீதுள்ள கோபத்துக்காகக் கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எனவே ஆலாபனைக்கும் கீர்த்தனைக்கும் தடையின்றி மூச்சுக் கொடுத்தாள். மங்களத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. மங்களம் பாடாத கச்சேரி முடிந்த கச்சேரியாகாது என்பதை மூவரும் அறிவார்கள். பேரருவியின் கீழ் தலை கொடுத்துக் குளித்து வளர்ந்தவளுக்கு இரண்டு நிமிடம் மூச்சடக்குவது அரிதன்று.

பிச்சம்மாள் புகழ் பெற்றாள். சுந்தரபாண்டி பட்டணத்தில் வீடு எடுத்தான். ஆயினும் நான்கு ஆண்டுகளில் ஒரு நாளும் மங்களம் ஒலிக்கவில்லை. மருத்துவர்கள் தொண்டையில் குறையில்லை என்றனர். இறுதியில் நிலையத்தார் அந்த இரண்டு நிமிடங்களைத் தானிய விலை அறிவிப்புக்கு ஒதுக்கிவிட்டனர்.

தென்காசியில் அதை யாரும் குறையாகக் கருதவில்லை. கச்சேரி நாட்களில் மீரான் கடைவாசலில் ஓர் ஆசனம் போடப்பட்டது. ஆவுடைத்தாய் அமர்ந்து மூச்சு விட்டாள். யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. கீர்த்தனை முடிந்ததும் அவள் வாயை மூடிக்கொள்வாள். பெட்டி நெல்லின் விலையையும் உளுந்தின் விலையையும் வாசிக்கும். வாசித்து முடிந்ததும் அவள் மூச்சை விட்டு எழுவாள். கச்சேரி செய்து இறங்கும் வித்துவானுக்கு விடுவதுபோல் கடைத்தெரு அவளுக்கு ஒதுங்கி வழிவிடும்.