நாலு வேலை, ரெண்டு வேலை

ஜெபமாலையைச் சுற்றுவதற்காக அப்பாவின் வலது கை விரல்களைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள் யூனிஸ். எதையோ பிடித்ததுபோல் வளைந்து விறைத்துவிட்டன. கட்டைவிரல் மட்டும் தனியாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"விடு, மேலாப்புல சுத்திடு," என்றாள் அம்மா ஆஞ்சலா. "சிலுவை போட்ட கை. அப்படியே இருக்கட்டும்."

நீலசந்திரா ஏரியாவில் இருந்த அந்த மாடி வீட்டுக் கூடத்தில் ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கீழ் வீட்டு கோவிந்தப்பா பிளாஸ்டிக் நாற்காலிகளைப் படியேற்றிக் கொண்டுவந்தார். ஜெபக்கூட்டத்து மௌரீன் ஆன்ட்டி முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஃபாதர் வந்து கடைசி எண்ணெய் பூசிட்டாரா ஆஞ்சலா?"

"கூப்பிடறேன்னா இவரு எங்க விட்டாரு? அடுத்த வாரம் பாக்கலாம்னாரு."

"அடடா. கோயில் பக்கம் வந்தும் ரொம்ப வருஷமாச்சு, இல்ல? ஞாயித்துக்கிழமையானா துப்பாக்கி சுடக் கிளம்பிடுவாரு."

அம்மாவின் முகம் சுருங்கியது. பிறகு நிமிர்ந்தாள். "ஆனா கடைசில சிலுவை போட்டாரு மௌரீன். நெத்திகிட்டருந்து நெஞ்சுக்குக் கை இறங்குச்சு. கட்டைவெரலால நெஞ்சுல சின்னதா ஒண்ணு போட்டாரு. திரும்பக் கை மேல வந்துச்சு. தோளுக்குப் போறதுக்குள்ள..."

மௌரீன் ஆன்ட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும். ஆண்டவர் பாத்திருப்பாரு."

யூனிஸும் பார்த்திருந்தாள். அது சிலுவை இல்லை.

அப்பா சுடப் போகும் கிளப்பில் பாயின்ட் டூ டூ துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. ஜெர்மன் போல்ட் துப்பாக்கி அப்பாவுக்கு. லிவர் வைத்த பழைய இங்கிலீஷ் மார்ட்டினி அப்பாவின் நண்பர் ஞானசேகரன் அங்கிளுக்கு. வேறு யாராவது எடுத்தால் இருவருக்கும் பிடிக்காது. பக்கத்துப் பக்கத்துப் பாயில் குப்புறப் படுத்துச் சுடுவார்கள். சுட்டு முடித்ததும் டீக்கடையில் சண்டை ஆரம்பிக்கும். சின்ன வயதில் பிளாஸ்க் தூக்கிக்கொண்டு போன யூனிஸுக்கு அது மனப்பாடம்.

"தூக்கு, இழு, தள்ளு, அமுக்கு. ஒரு தோட்டாவுக்கு நாலு வேலை. அதுக்குள்ள உன் முழங்கை பாய விட்டு எந்திரிச்சிடும்டா ரெமி. அப்புறம் குறி எங்க நிக்கும்? என்னுது லிவர். கீழ தள்ளு, மேல இழு. ரெண்டே வேலை," என்பார் அங்கிள் அப்பாவிடம்.

"ரெண்டு வேலைல முடிச்சு என்னடா பண்ணுவ? குழல தொடைக்கணும்னா வாய்ப்பக்கமா கம்பி விடற. வாயே தேஞ்சு போயிடும். என்னுது போல்ட்ட உருவினா போதும், பின்னாலருந்தே சுத்தமாயிடும்."

"நாம சுட வந்தோமா, பல்லு வெளக்க வந்தோமா?"

அதெல்லாம் போன வருஷம் வரைக்கும்தான். மாநிலப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று அப்பாவின் கடைசித் தோட்டா கறுப்பு வட்டத்துக்கு வெளியே போனது. எழுந்து நின்று எல்லார் முன்னாலும் கத்தினார். "வேணும்னே லிவர லொடக்கு லொடக்குனு அடிச்சு என்னக் கெடுத்தான்!" ஞானசேகரன் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு கிளப்புக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. அப்பா படுக்கையில் விழுந்த பிறகும், "அவனுக்குச் சொல்ல வேணாம்," என்றே சொல்லிவந்தார்.

அப்படிச் சொன்ன அப்பாவின் கைதான் நேற்று அசைந்தது. லிவரைக் கீழே தள்ளி, கட்டைவிரலால் தோட்டாவை உள்ளே விட்டு, லிவரை மேலே இழுத்தது. அப்பா ஒரு நாளும் மார்ட்டினியைத் தொட்டதில்லை. பக்கத்துப் பாயிலிருந்து பார்த்ததுதான்.

ஞானசேகரன் அங்கிள் மத்தியானம் வந்தார். நெற்றியில் திருநீறு. வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே வரத் தயங்கி நின்றார். யூனிஸ் எழுந்து போனாள்.

"ஏதாவது சொன்னானாம்மா?" ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என்னப் பத்தி?"

"பேச்சு நின்னுடுச்சு அங்கிள். ஆனா அப்பா கை..."

"சேகர் அண்ணே!" அம்மா எழுந்து வந்தாள். "நல்ல சாவுண்ணே. சிலுவை போட்டுட்டுப் போனாரு." அவரிடமும் செய்து காட்டினாள். கை இறங்கியது. கட்டைவிரல் முன்னால் அமுங்கியது. கை மேலே வந்தது.

ஞானசேகரன் அந்தக் கட்டைவிரலையே பார்த்தார்.

"எப்படிங்க? இன்னொரு தடவ காட்டுங்க."

அம்மா இன்னொரு தடவை காட்டினாள். மௌரீன் ஆன்ட்டி நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஞானசேகரன் யூனிஸைப் பார்த்தார். யூனிஸ் அம்மாவைப் பார்த்தாள்.

"சிலுவைதாங்க," என்றார் அவர். "சிலுவையேதான்."

பிறகு பெட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தவர், உடலை எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. கோவிந்தப்பா கொடுத்த காப்பி அவர் கையிலேயே ஆறிப்போனது.

ஓசூர் ரோடு கல்லறையில் ஃபாதர் ஜெபத்தை முடித்ததும் ஒவ்வொருவராக மண் போட்டார்கள். ஞானசேகரன் கடைசியில் வந்தார். மண்ணைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். நகராமல் அங்கேயே நின்றார். பிறகு வலது கையை மார்புக்கு நேராகக் கொண்டுவந்து கொஞ்சம் தூக்கினார். பின்னால் இழுத்தார். முன்னால் தள்ளினார். கீழே அமுக்கினார்.

அம்மா யூனிஸின் தோளைத் தொட்டாள். "பாத்தியா, சேகர் அண்ணனும் சிலுவை போடறாரு," என்று காதருகில் சொன்னாள். "பாவம், முறை தெரியல. ஆனா நாலும் போட்டுட்டாரு."

"ஆமாம்மா."

யூனிஸ் அவருடைய முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாலுக்கும் அது விலாவை விட்டு அசையவே இல்லை.