பாட்டுக்காரம்மாவின் இருமல்

மைக்செட்காரர் கறுப்பு வயரைச் செருக வேண்டிய இடத்தில் சிவப்பு வயரைச் செருகியதால், செத்து ஒரு வருஷமான பாட்டுக்காரம்மா தன்னுடைய நினைவுநாள் கூட்டத்தில் இருமினார். அப்போது சங்கத் தலைவர், ஆலைப் போராட்டத்தில் தானும் அம்மையாரும் ஒரே சிறையில் வாடிய கதையை உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாரும் அலறவில்லை. பாடத் தொடங்குமுன் அவர் அப்படித்தான் இருமுவார் என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் எழுந்துபோய் ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துவிட்டு வந்தார். வயரை மாற்றிச் செருகியும் பலனில்லை. அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு முன்னால் யாராவது அவரைப் பற்றிக் கதை அளந்தால் உள்ளேயிருந்து இருமல் வந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னால் சும்மா கிடந்தது.

நினைவு மலருக்கு அனுபவங்களைத் திரட்டும் வேலையைச் சங்கம் மைக்செட்காரர் தலையிலேயே கட்டியது. கெடுத்தவன்தானே பார்க்க வேண்டும். பாட்டுக்காரம்மாவின் குரலை ஆலை வாசல்களிலும் தெருமுனைகளிலும் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தே தேய்ந்துபோன முட்டிகளோடு, பெட்டியைத் தோளில் சுமந்து மாடி மாடியாக ஏறினார். சலவைக்கடைக்காரர், அம்மா தன் கல்யாணத்தில் பாடியதாகச் சொன்னார். இருமல். சரி, பாடவில்லை, வந்தார் என்றார். இருமல். கடைசியில், அந்தத் தெருவழியாகப் போனார் என்று இறங்கி வந்தபோதுதான் பெட்டி அடங்கியது. அவருடைய முதல் பாட்டை எழுதியதே தான்தான் என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னதற்குப் பெட்டி இருமிய இருமலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் டாக்டர் முகவரியோடு வந்துவிட்டார்கள். ஆலையிலிருந்து துரத்தப்பட்ட ஒருத்தி மட்டும், கூரை ஒழுகிய ராத்திரி பாட்டுக்காரம்மா வாளியை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு விடியும்வரை பாடாமலே உட்கார்ந்திருந்தார் என்றாள். பெட்டி மூச்சுவிடவில்லை. இப்படியே மூன்று மழைக்காலம் போனது. தலையணை கனத்துக்குத் திட்டமிட்ட மலர் நோட்டீஸ் அளவுக்கு இளைத்தது.

மைக்செட்காரருக்கும் சொந்தமாக ஒரு நினைவு இருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் அவர் ஏதோ ஒரு ஊரில் கூட்டத்துக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது மனைவி, "நீங்க வரலைன்னா என்ன, பாட்டுக்காரம்மா வந்து பாடிட்டுப் போனாங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இத்தனை வருஷம் தூங்கினார். பெட்டி முன்னால் அதைச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. ஒரு இருமல் போதும், அதுவும் போய்விடும்.

பெட்டியை அணைத்துவிட்டு, அம்மா அப்போது ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று நாலு பேரிடம் விசாரித்தார். "அவங்க போகாத இடம் உண்டாய்யா?" என்று தலைவர் பூசி மெழுகினார். "போயிருப்பாங்கண்ணே, அந்த வாரம் எனக்கு லீவு" என்று சங்கத்துக் கார் டிரைவர் நழுவினார்.

கடைசியாகப் பாட்டுக்காரம்மாவின் மகள் வீட்டுக்குப் போனார். அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்து தலை நரைத்தவள். மைக்செட்காரருக்கு அவள் இன்னும் பாப்பாதான். அம்மாவைப் பற்றிச் சொல்லத் தன்னிடம் அதிகம் இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா கிடைத்தார், தான் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை என்றாள். திரும்பப் போட்டு வைத்திருந்த பெட்டி இருமவில்லை. மைக்செட்காரர் களைத்துப்போய்ச் சுவிட்சில் கை வைத்தார்.

"இருக்கட்டும் மாமா. என்னமோ கேக்கணும்னுதானே வந்திருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரியப் பாக்க உங்கம்மா வந்தாங்களா, இல்லியா?"

"வரல மாமா."

பெட்டி தன்பாட்டுக்கு இருந்தது. அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் ரத்தம் எடுக்கப் போனேன். அத்தைக்குக் கண்ணு மங்கிப் போயிருந்துச்சு. என் குரலைக் கேட்டுட்டு, பாட்டுக்காரம்மாவான்னாங்க. ஆமான்னுட்டேன். பாடச் சொன்னாங்க."

"பாடினியா?"

"ஊசி குத்துறப்பல்லாம் பாடினேன். கண்றாவி. தொண்டை சரியில்லையாம்மான்னு அத்தையே கேட்டாங்க. ஆனா பிடிச்ச கையை விடல மாமா."