சம்பந்தியம்மா போன வழி

சம்பந்தியம்மா சந்தைக்குள் நின்றுகொண்டிருந்தாள். கணினித் திரையில் ஒரு சிவப்புப் புள்ளியாக, காய்கறிக் கடைகளுக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவே, கடலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊரில்.

சம்பந்தியம்மா ஒரு கடல் ஆமை. வலையில் சிக்கி, முன்துடுப்பு ஒன்று அழுகி, ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தவள். வைத்த தீனியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். யார் கிட்டே போனாலும் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. துடுப்பை வெட்டியெடுத்து அவளைப் பிழைக்க வைத்தது நிலையத்தின் மருத்துவரான அக்கா. முதுகு ஓட்டில் சிக்னல் கருவியை ஒட்டி, அடம்பிடித்துக் கடலில் விட்டதும் அக்காதான். மீதித் துடுப்புகளோடு பிழைக்காது, தொட்டியிலேயே இருக்கட்டும் என்று இயக்குநர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கருவி அனுப்பிய பல மாதக் கணக்கு அன்றுதான் ஒரே கோப்பாக வந்திருந்தது. அதை வரைபட மென்பொருளில் ஏற்றுவது தங்கையின் வேலை. அக்காவும் தங்கையும் ஒரே வீடு, ஒரே ஸ்கூட்டர்.

ஏற்றியதும் கோடு விழுந்தது. கரையிலிருந்து தெற்கே சாய்வாக இறங்கி, நடுக்கடலில் வெடுக்கென்று திரும்பி, மறுபடி வடக்கே ஏறி, வேறொரு நாட்டின் கரையைத் தொட்டு, மலையைத் தாண்டி, சந்தையில் போய் முடிந்தது.

"யாரோ பிடிச்சு லாரியில ஏத்தியிருக்காங்க," என்றார் பின்னால் நின்ற இயக்குநர். "சந்தைக்கு எதுக்குக் கொண்டுபோவாங்க, ஊர் சுத்திக் காட்டவா? நான் அப்பவே சொன்னேன் டாக்டர்."

இயக்குநர் அந்த ஊர் அதிகாரிகளைப் பிடிக்கத் தொலைபேசியை எடுத்தார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசி வரியைக் காட்டு. இது என்ன, எண்பது?"

"முங்கின ஆழம்க்கா. மீட்டர்ல."

"எப்ப?"

"நேத்துக் காலையில."

அக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். "எந்தச் சந்தைடி எண்பது மீட்டர் ஆழம்? வெங்காயக்காரர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டா யாவாரம் பண்றாரு?"

தங்கை வரைபடத்தை ஓரமாகத் தள்ளினாள். மூலக் கோப்பைத் திறந்தாள். ஆமை இருந்த இடத்தைச் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு திசை எழுத்து இருந்தது: வடக்கு, தெற்கு, கிழக்கு. எழுத்து ஒட்டிய எண்ணை மென்பொருள் எண்ணாகவே மதிக்காது, புள்ளி வைக்க மறுக்கும். அதனால் காலையில் அவள்தான் எல்லா எழுத்துகளையும் ஒரே தட்டில் துடைத்திருந்தாள். வடக்கு போனதில் நஷ்டமில்லை. தெற்கைத் துடைத்தால், ரேகைக்குக் கீழே என்று மென்பொருளுக்குப் புரிய, அதற்குப் பதில் கழித்தல் குறி போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பூமத்திய ரேகைக்குக் கீழே ஆமை நீந்திய கடல் முழுவதையும் மென்பொருள் காகிதம்போல் மடித்து மேலே வைத்துவிட்டது. வெடுக்கென்ற அந்தத் திருப்பம் சரியாக ரேகையின் மேல்தான் இருந்தது.

"அக்கா, திட்டறதா இருந்தா வீட்டுக்குப் போய்த் திட்டு," என்று சொல்லிக்கொண்டே தெற்கு வரிகளுக்கெல்லாம் கழித்தல் குறி போட்டு, கோப்பை மறுபடி ஏற்றினாள்.

சந்தை காலியானது. மலையில் ஏறிய கோடு மறைந்தது. புதுக்கோடு பூமத்திய ரேகையை அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் கடந்து, திரையின் அடிவிளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

தங்கை வரைபடத்தைச் சிறிதாக்கினாள். அவர்கள் நாடு உள்ளங்கை அளவானது. கோடு மறுபடி விளிம்பைத் தாண்டியிருந்தது. இன்னும் சிறிதாக்கினாள். நாடு ஒரு நகத்துண்டானது. கோடு அப்போதும் முடியவில்லை.

"இன்னும்," என்றாள் அக்கா, மூச்சுக் குரலில்.

கடைசியில் அந்தச் சிவப்புப் புள்ளி வந்தது. சுற்றிலும் ஒரு தீவுகூட இல்லை. வெறும் நீலம். பெருங்கடலின் பாதிக்கு மேல் அவள் கடந்திருந்தாள், நேற்றுக் காலை முங்கி எழுந்திருந்தாள்.

தொலைபேசியில் யாரோ ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மன்னிக்கணும், எங்க ஆமை உங்க ஊர்ல இல்லை," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா கோட்டின் தொடக்கத்தில் விரலை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போனாள்.

"ஒரு பக்கம் துடுப்பு இல்லையா, இருந்த இடத்திலேயே சுத்திச் சுத்தி வருவாளோன்னு பயந்துட்டே இருந்தேன்டி. உன்கிட்டகூட சொல்லல." விரல் பூமத்திய ரேகையைத் தாண்டியது. "வளையவே இல்ல பாரு. நூல் பிடிச்ச மாதிரி போயிருக்கா."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு அருகே குனிந்தார்.

"அங்க என்ன இருக்குன்னு இவ்வளவு தூரம் போறா, டாக்டர்?"

"தெரியல சார்," என்றாள் அக்கா. விரல் இன்னும் புள்ளிக்குப் போய்ச் சேரவில்லை.