நேற்றைய ரோல்ஸ்

யோகேஸ்வரி சொன்னது ஒரேயொரு பொய்தான். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நடந்த அந்த வேலைத்திறன் வகுப்பில், முதல் நாள் ஒவ்வொருவராக எழும்பித் தங்களைப் பற்றிச் சொன்னபோது, "அம்மா நுகேகொடையில ஒரு ஒபிஸில வேலை செய்யிறா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நுகேகொடை உண்மை. வேலை உண்மை. ஒபிஸ்தான் இல்லை. அவளுடைய அம்மா அன்னபாக்கியம் அங்கே ஒரு சிங்கள வீட்டில் சமைத்து, கூட்டி, துடைத்துவிட்டு வருகிற மனுசி.

ஒரு பொய்தானே என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? அதற்குத் தினமும் தீனி போட்டாக வேண்டும். அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் வளர்ந்த பெண், வகுப்பு வாசலை மிதித்ததும் 'ஆமா'வை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தார்போல 'ஓம்' என்றாள். 'பேசுறாங்க' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு 'கதைக்கினம்' என்றாள். கூடப் படித்தவர்கள் யாரும் அவளை இப்படிப் பேசு என்று கேட்கவில்லை. இவளாக எடுத்துத் தலையில் வைத்துக்கொண்ட சுமை அது. வீட்டில் இருக்கும்போது வகுப்பிலிருந்து யாராவது போன் எடுத்தால், எழுந்து கதவுக்கு வெளியே போய் நின்றுதான் பேசுவாள். கதவு என்றால் பலகைக் கதவு. உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் அன்னபாக்கியத்துக்கு எல்லாமே கேட்கும். அவள் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.

வகுப்பு முடிகிற காலத்தில் ஐறீன் மிஸ் ஒரு வேலை கொடுத்தார். குழுவாகச் சேர்ந்து சின்னதாக ஒரு வியாபாரம் தொடங்க வேண்டும். என்ன விற்பது, யாருக்கு விற்பது, யார் எதைச் செய்வது என்று முதலில் திட்டம் போட்டு, பிறகு ஒரு கிழமை நடத்திக் காட்டவேண்டும். அதில் நன்றாகச் செய்கிற ஒருவரைக் காலிமுகத்திடல் பக்கம் உள்ள ஒரு ஹோட்டலின் வரவேற்பு வேலைக்குச் சிபாரிசு செய்வதாகவும் மிஸ் சொன்னார். யோகேஸ்வரிக்கு அந்த இடம் வேண்டும். அம்மாவின் முழங்கால்கள் மாடிப்படி ஏறும்போது போடுகிற சத்தம் அவளுக்குத்தானே தெரியும். அந்த வேலை கிடைத்தால் அம்மாவை வீட்டில் உட்கார வைத்துவிடலாம், ஒபிஸ் பொய்யையும் அத்தோடு புதைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

அவளுடைய குழுவில் இன்னும் இரண்டு பேர். கணீர்க் குரலும் எதற்கும் தயங்காத கையுமாக அர்பா. வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்த நிரோஷன். நிரோஷன் ரீசேர்ட்டில் படம் அடித்து விற்போம் என்றான். "அத வாங்கப் போறது ஒங்கட கூட்டாளிமார் மட்டும்தான்" என்று அர்பா ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். பின்னேரம் ரயிலுக்கு ஓடுகிற ஒபிஸ்காரர் வயிறு காய்ந்துதான் ஓடுகிறார்கள், அவர்களுக்கு ரோல்ஸ், கட்லட் மாதிரி சோட்டீட்ஸ் விற்போம் என்பது அவளுடைய யோசனை. அவளுடைய மாமாவின் சாப்பாட்டுக் கடையிலிருந்து பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. யாருக்கு மீன் ரோல்ஸ் செய்யத் தெரியும் என்று கேட்டபோது யோகேஸ்வரி கையை உயர்த்தினாள். செய்து காட்டியதும் இருவரும் வாயைப் பிளந்தார்கள்.

"ஆரிட்டப் பழகின நீர்?" என்று நிரோஷன் கேட்டான்.

"யூரியூப்பில பாத்தனான்" என்றாள் யோகேஸ்வரி. அது அன்னபாக்கியத்தின் ரோல்ஸ். அம்மா வேலை செய்கிற நுகேகொடை நோனா வீட்டில் விருந்து என்றால் தட்டுத் தட்டாக அம்மா செய்து அடுக்குகிற ரோல்ஸ். மிளகைக் கடைசியில் போடு என்று சொல்லிக் கொடுத்ததும் அம்மாதான். பொய் குட்டி போட்டுவிட்டது.

வியாபாரம் நன்றாகவே நடந்தது. அர்பா உள்ளே பொரித்தாள், நிரோஷன் சாமான் வாங்கினான், யோகேஸ்வரி வகுப்பு வாசலில் வைத்த பெட்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து விற்றாள். ஒருநாள் மட்டும் அடை மழை. ரோல்ஸ் நிறைய மிஞ்சிவிட்டது. மிஞ்சியதை விற்கக்கூடாது என்பது அவர்களே திட்டத்தில் எழுதிவைத்த விதி. ஆனால் நட்டம் காட்டினால் மிஸ்ஸிடம் பெயர் கெட்டுவிடும் என்று நிரோஷனுக்குப் பயம். அர்பாவுக்குச் சொல்லாமல் அவற்றை மறுநாள் சூடாக்கிப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டான். அதை யோகேஸ்வரி கண்டாள். கண்டும் பேசாமல் இருந்தாள். யாரும் கேட்டால்தானே, எடுத்துக் கொடுத்தால்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதுதான் கடைசி நாள். ஐறீன் மிஸ்ஸும் வந்து ஓரமாக நின்று, வாங்குகிறவர்களிடம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். காலி வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் ஒரு பெண் இறங்கி வந்தாள். சாயம் போன பூப்போட்ட கவுன், கையில் மடித்த குடை, ஒரு பக்கம் சாய்ந்த நடை. அந்த நடையைக் கண்டதும் யோகேஸ்வரிக்கு யாரென்று விளங்கிவிட்டது.

அம்மா.

வருவதாக அம்மா சொல்லவே இல்லை. எந்த ஒழுங்கை, எத்தனை மணிக்கு என்று முந்தின நாள் சும்மா கேட்பதுபோல் கேட்டிருந்தாள், அவ்வளவுதான். யோகேஸ்வரி தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். அம்மா முன்னால் உட்கார்ந்திருந்து பழக்கமில்லாத பிள்ளை. இப்போது இவள் 'யோகா' என்று கூப்பிட்டால், 'புள்ள' என்று சொன்னால் எல்லாம் முடிந்தது.

அன்னபாக்கியம் கூப்பிடவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்து, சிங்களத்தில் கேட்டாள்: "துவே, மாளு ரோல்ஸ் தியெனவத?" மகளே, மீன் ரோல்ஸ் இருக்கிறதா என்று.

மிஸ் அந்தப் பக்கம் வேறொருவரிடம் விசாரித்துக்கொண்டிருக்க, நிரோஷன் யோகேஸ்வரியின் தோளோடு குனிந்து, குரலைக்கூடத் தாழ்த்தாமல் தமிழில் சொன்னான்: "உவவுக்குக் கீழ்த்தட்டில இருக்கிற நேற்றையான் ரோல்ஸைக் குடும். ஆரோ வீட்டு வேலைக்கு நிக்கிற சிங்கள மனிசி. உவவுக்கு எங்க விளங்கப் போகுது."

இந்தக் கொழும்பில் ஒருவர் பேசுகிற பாஷையை வைத்து அவர் யாரென்று முடிவுகட்டுகிற மடைத்தனத்தை நாம் எல்லோரும் செய்கிறோம். நிரோஷனையும் ஒரு பக்கம் மன்னித்துவிடலாம். அவனுக்குத் தெரியாது. தெரிந்தவள் பக்கத்தில் நின்றாள். அம்மாவின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அவள் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேல்தட்டில் அப்போதுதான் அர்பா கொண்டுவந்து வைத்த ரோல்ஸ் ஆவி பறக்க இருந்தது. யோகேஸ்வரியின் கை அதற்கு மேலாகப் போய், நின்று, கீழ்த்தட்டுக்கு இறங்கியது.

"மென்ன அம்மே" என்று நீட்டினாள். இந்தாருங்கள் அம்மா. கடைக்கு வருகிற வயதான பெண்கள் எல்லோருக்கும் சொல்கிற அதே அம்மே. காசையும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அம்மாவின் விரல் நுனிகள் சவர்க்காரத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

ஐறீன் மிஸ் குறுக்கே வந்து, எப்படி என்று சிங்களத்தில் கேட்டார். அன்னபாக்கியம் ஒரு கடி கடித்து, மென்று விழுங்கினாள். "ஹரி ரசய், மிஸ். துவத் ஹரி ஹொந்தய்" என்றாள். நல்ல ருசி, பிள்ளையும் மிக நல்ல பிள்ளை. குடையை ஊன்றிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளிருந்து வந்த அர்பா ஒழுங்கை முனையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "ஆரு அந்தப் பொம்புள? ஒங்களையே திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போறாங்க."

"தெரியாது" என்றாள் யோகேஸ்வரி. அந்தச் சொல்லைச் சொன்ன நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போல இருந்தது.

பெட்டியைத் துடைத்து வைத்த பிறகு ஐறீன் மிஸ் எல்லோர் முன்னாலும் பேசினார். "வடிவா உடுத்திக்கொண்டு வாற ஆக்களுக்கு ஆரும் சிரிப்பினம். யோகேஸ்வரி இண்டைக்கு அந்த ஏழை அம்மாவைக் கண்டவுடன எழும்பி நிண்டா. அம்மே எண்டு மரியாதையாக் கதைச்சா. அதைத்தான் நான் இவ்வளவு நாளும் படிப்பிச்சனான். ஹோட்டலுக்கு இவவின்ர பேரைத்தான் குடுக்கப் போறன்." எல்லோரும் கை தட்டினார்கள். நிரோஷனும் தட்டினான். யோகேஸ்வரிக்கு முகம் காந்தியது. நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நின்றாள். ஆனாலும் வேண்டாம் என்று வாய் திறக்கவில்லை.

கொட்டாஞ்சேனை பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றே போனாள். வீட்டுக்குள் நுழைந்தபோது அன்னபாக்கியம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு தட்டு, அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்திருந்தது. யோகேஸ்வரி திறந்து பார்த்தாள். கடித்த பக்கத்தைக் கத்தியால் சீராக வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் பாதி ரோல்ஸ் அவளுக்காக வைக்கப்பட்டிருந்தது.

"சாப்புடு புள்ள" என்றாள் அம்மா. "நேத்துச் செஞ்சதுதான். ஆனா கெட்டுப்போகல. மெளகு சரியாப் போட்டிருக்க."

அப்போ நிரோஷன் சொன்னது கேட்டிருக்கிறது. எல்லாமே கேட்டிருக்கிறது. ஏசினாலாவது தாங்கலாம். அன்னபாக்கியம் ஏசவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, மகளின் முகத்தைப் பார்க்காமல், தான்தான் ஏதோ பிழை விட்டவள்போலக் கேட்டாள்.

"நீ விக்கிறத ஒரு தடவ பாக்கணும்னு ஆசயா இருந்துச்சு. அதான் வந்தேன். நான் சிங்களத்துலதான் பேசுனேன். ஒனக்குப் பாதகமா ஒன்னும் ஆயிடலியே?"

தோட்டத்துத் தமிழைக் கேட்டால் மகளுக்குத் தலைகுனிவு என்று தெரிந்துகொண்டு, பஸ் மாறி வந்து, பெற்ற பிள்ளையிடம் அந்நிய பாஷையில் ரோல்ஸ் கேட்டிருக்கிறாள் இந்த மனுசி. வேலைக்காரப் பழக்கத்தில் வாய் தவறிச் சிங்களம் வந்துவிட்டது என்றல்லவா யோகேஸ்வரி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டு வந்தாள். ரோல்ஸைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்று விழுங்கினாள்.

போன் அடித்தது. ஐறீன் மிஸ்.

வழக்கம்போலக் கால் கதவுப் பக்கம் போயிற்று. யோகேஸ்வரி அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"யோகேஸ்வரி, ஹோட்டல்காரர் உடன கேக்கினம். இரவு வேலையும் இருக்காம். வீட்டு ஆக்களின்ர சம்மதம் வேணுமாம். உம்மட அம்மா ஒபிஸால வந்திட்டாவோ? நான் ஒருக்கா அவவோட கதைக்கோணும்."

யோகேஸ்வரி போனை அம்மாவிடம் நீட்டினாள். அன்னபாக்கியம் திடுக்கிட்டுப்போனாள். எண்ணெய்ப் பிசுக்குக் கையால் போனை வாங்கி, அந்தப் பக்கம் கேட்காதபடி உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி மகளிடம் கேட்டாள்.

"எதுல பேசட்டும் புள்ள? சிங்களத்துலயா?"

உள்ளங்கைக்குள் மிஸ், ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம பேச்சுலயே பேசும்மா" என்றாள் யோகேஸ்வரி.

அன்னபாக்கியம் கையை எடுக்கவில்லை. மகளின் முகத்தை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள்.

"நெசமாவா?" என்று கேட்டாள்.