டெல்பர்ட்டின் ஒற்றைத் தோள்

சவப்பெட்டிக்குள் படுத்திருந்த அப்பாவின் கோட்டுக் காலரைக் கோரின் நீவிவிட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை வெர்டா உள்ளே வந்து கடைசி வரிசையில், அதுவும் கதவோர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். துக்கத்துக்கு வந்தவளாகத் தெரியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவளாகத்தான் தெரிந்தாள்.

இன்னும் சற்று நேரத்தில் ஊரே வந்துவிடும். கென்டக்கிப் பக்கத்தில் செத்தவரின் குடும்பம் பெட்டியருகே வரிசையாக நின்று, வருகிறவர்களின் கையைப் பிடிக்க வேண்டும். அம்மா முன்பே போய்விட்டாள். கோரினுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அத்தையும் முன்னால் வந்து நிற்காவிட்டால் வரிசை என்பது அவள் ஒருத்திதான். அப்பாவை அப்படி அனுப்பிவைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. நேராகப் போய்க் கூப்பிட்டாள்.

"அத்தை, முன்னாடி வாங்க. எங்கூட நில்லுங்க."

"வந்ததே பெருசு. உங்கப்பன் எனக்கு வாக்குக் குடுத்துட்டு ஏமாத்துனவன்."

"அப்பாவா? என்ன ஏமாத்துனாரு?"

"எம்மவன் லைல் துப்பாக்கியத் துடைக்கையில அது வெடிச்சுச் செத்தான். அன்னையிலேருந்து அந்தச் சனியன் என் வாசப்படி தாண்டக் கூடாதுன்னேன். 'சரிக்கா'ன்னான். ஆனா வர்றப்பல்லாம் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டுத்தானே வந்தான்? என்னையக் கட்டிப்புடிக்கையில இடது தோளால ஒரு இடி இடிச்சுட்டு, வலது இடுப்பத் திருப்பிக்குவான், என் கையில பட்டுருமேன்னு. என்னைய மாங்கா மடச்சின்னு நெனச்சானா?"

கோரினுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு, அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பில் துப்பாக்கி வைத்துப் பழகிய ஆட்கள் எல்லாருமே அப்படித்தான் கட்டிக்கொள்வார்கள். அவளும்தான்.

"அத்தை, உங்க தெருவுக்கு முன்னாடி ஒரு சர்ச்சு இருக்குல்ல, அங்க வண்டிய நிறுத்துவாரு. உறையோட கழட்டி, வண்டிப் பெட்டியில வெச்சுப் பூட்டுவாரு. கொட்டுற மழையானாலும் சரி. 'சட்டைக்குள்ள இருந்தா யாருக்குப்பா தெரியப்போவுது'ன்னு நான் கேலி பண்ணுவேன். 'அக்காகிட்ட சரின்னுட்டேன்'ம்பாரு. அதுக்கு மேல பேச்சே கெடையாது."

"அப்ப அந்தக் கோணக் கட்டிப்புடி?"

"பழக்கம். ஆஸ்பத்திரி அங்கியில கெடந்தப்பகூட என்னைய அப்படித்தான் கட்டிக்கிட்டாரு. இடுப்புல என்ன இருந்துச்சு, வெறும் நாடா."

 வெர்டாவின் கண் கோரினின் இடுப்புக்குப் போனது.

"ஒன்னோடது?"

"வண்டியில. நீங்க வருவீங்கன்னு தெரியும்ல."

அதைச் சொல்கையில் கோரினின் முதுகு தானாக நிமிர்ந்தது. தான் டெல்பர்ட்டின் மகள் என்பதில் அவளுக்கு என்றுமே பெருமைதான். 

"கழுதை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றாள் வெர்டா, பெட்டியைப் பார்த்து. குரல் உடைந்திருந்தது.

"நீங்க கேக்கவே இல்லையே, அத்தை."

வாசலில் வண்டிக் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. கோரின் முன்னால் போய்த் தன் இடத்தில் நின்றாள். முதலில் வந்தவர் அப்பாவோடு மர ஆலையில் வேலை பார்த்தவர். தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்தார். விட்டதும், அவளை ஒட்டி இன்னொரு கை நீண்டிருந்தது.

"நீங்க யாருன்னு தெரியலையேம்மா?"

"டெல்பர்ட்டோட அக்கா," என்றாள் வெர்டா, கூடம் முழுக்கக் கேட்கும்படி. அடுத்து வந்தவர் கேட்பதற்கு முன்பே அவரிடமும் அதைச் சொன்னாள்.